412 லீடு, ஒரே ஒரு ஆர்டர்: எங்கள் ஆர்ஓ பிளான்ட் விளம்பரம் யார் கண்ணில்தான் படுகிறது?

குறிச்சிக்காரன் (செவ்வாய், இரவு 9:40)

வணக்கம். கோவை குறிச்சியில் சித்தப்பாவின் பட்டறையில் இருக்கிறேன். தொழிற்சாலைகளுக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ பிளான்ட், கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் செய்து கொடுக்கிறோம். எங்களிடம் இருப்பதிலேயே சின்ன பிளான்ட் மணிக்கு 2,000 லிட்டர், விலை மூன்றரை லட்சத்தில் தொடங்கும். அதாவது சமையலறைச் சுவரில் மாட்டும் பெட்டி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் தலைவலியே அதுதான்.

மூன்று மாதமாக ஆன்லைன் விளம்பரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒரு ஏஜென்சி பார்த்தது, அவர்கள் போட்டு வைத்த கேம்பெயினை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கூகுள் தேடல், ஃபேஸ்புக் ஃபார்ம் இரண்டிலுமாக 1,86,000 ரூபாய் போயிருக்கிறது. 412 லீடு, அதாவது விசாரணை, வந்தது. ஒரு லீடு 450 ரூபாய் சொச்சம், கேட்டவர்கள் எல்லாம் "பரவாயில்லையே, மலிவு" என்றார்கள். கொட்டேஷன் வரை போனது 14. ஆர்டர் ஒன்று. அந்த ஒன்றும் சித்தப்பாவுக்குப் பழைய பழக்கமான மில், போன் நம்பரைத் தொலைத்துவிட்டு எங்கள் கம்பெனிப் பெயரையே தேடி வந்தவர்கள்.

மீதிப் பேரில் ஓர் அம்மா வாரம் இரண்டு முறை கூப்பிட்டு "கேன்டில் மாத்த ஆள் எப்ப வருவாங்க" என்று கேட்கிறார். வீட்டு ஃபில்டர் வேலை எதையும் நாங்கள் செய்வதில்லை என்று மூன்று முறை சொல்லியாயிற்று, நம்ப மாட்டேன் என்கிறார்.

வயது, ஊர், ஆர்வம் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். தொழிற்சாலை ஆட்கள் கண்ணில் மட்டும் விளம்பரம் படும்படி செய்ய என்னதான் வழி?

க்ளிக்கணக்கு (செவ்வாய், இரவு 10:15)

வயதையும் ஊரையும் அப்புறம் பார்ப்போம். முதலில் இரண்டு வேலை. ஒன்று, கூகுளில் சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, ஆட்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து உங்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்று பாருங்கள். நீங்கள் போட்ட கீவேர்டு (எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்று கொடுப்பது) வேறு, அவர்கள் தேடியது வேறு. இரண்டு, அந்த 412-ஐயும் உட்கார்ந்து எண்ணுங்கள். யார் யார், எத்தனை பேர் என்று. சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் யார் சொல்லும் யோசனையும் குருட்டடிதான், என்னுடையதும் சேர்த்து.

குறிச்சிக்காரன் (புதன், அதிகாலை 1:20)

எண்ணிவிட்டேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

வீட்டு ஆர்ஓ வாங்க, ரிப்பேர் செய்யக் கேட்டவர்கள் 171. "வாட்டர் கேன் பிசினஸ் தொடங்கலாம்னு இருக்கேன், எவ்வளவு முதலீடு ஆகும்" வகை 96. போனே எடுக்காதவர்கள், தப்பு நம்பர், "நான் எப்ப சார் ஃபார்ம் போட்டேன்" என்று கேட்டவர்கள் 63. வேலை கேட்டவர்கள், எங்களுக்கே மெம்பரேன் (ஆர்ஓவின் வடிகட்டிச் சவ்வு) விற்க வந்தவர்கள், குரலைக் கேட்டாலே போட்டிக் கம்பெனி என்று தெரிகிறவர்கள் 41. உண்மையான தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, ஹோட்டல் எல்லாம் சேர்த்து இன்னொரு 41.

சர்ச் டேர்ம்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. ஏஜென்சி "டிடிஎஸ் குறைக்க" என்று ஒரு கீவேர்டை பிராடு மேட்ச்சில் (தொடர்புள்ளதாகத் தோன்றும் எந்தத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் முறை) போட்டிருந்தது. இந்த டிடிஎஸ் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, அது அதிகம் என்று தேடுகிறவர்களைப் பிடிக்கத்தான். வந்தவர்களில் பாதிப் பேர் வருமான வரி டிடிஎஸ்ஸைக் குறைக்கத் தேடியவர்கள். அதற்கான படிவம் 13 எங்கே கிடைக்கும் என்று தேடியவர் எங்கள் விளம்பரத்தைக் கிளிக் செய்திருக்கிறார். அதற்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்.

திருமுடிவாக்கம் (புதன், காலை 7:05)

சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு இப்படி எழுதினால் எப்படி தம்பி. ஆடிட்டர் ஆபீஸுக்கு ஒரு பிளான்ட் தள்ளிவிட்டிருக்கலாம்.

க்ளிக்கணக்கு (புதன், காலை 11:30)

சரி, இப்போது பேசலாம்.

உங்கள் கணக்கில் இதையெல்லாம் ஒன்றொன்றாகப் பாருங்கள். லொகேஷன் ஆப்ஷனில், தமிழ்நாட்டில் "இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டுபவர்கள்" என்பதுதான் தானாக விழுந்திருக்கும். "இருப்பவர்கள்" மட்டும் என்று மாற்றுங்கள். தேடல் கேம்பெயினுக்குள்ளேயே டிஸ்ப்ளே நெட்வொர்க் (மற்ற தளங்களில் காட்டுவது), சர்ச் பார்ட்னர்ஸ் (கூட்டாளித் தேடல் தளங்களில் காட்டுவது) என்று இரண்டு டிக் இருக்கும், இரண்டையும் எடுங்கள். சின்ன பட்ஜெட்டில் அந்த ஆடம்பரம் வேண்டாம்.

பிராடு மேட்ச்சை இப்போதைக்கு நிறுத்திவிட்டு ஃப்ரேஸ் (கீவேர்டின் பொருள் உள்ளே இருக்கும் தேடல்), எக்ஸாக்ட் (அதே பொருளுள்ள தேடல் மட்டும்) இரண்டோடு நில்லுங்கள். 2021-ல் மாடிஃபைடு பிராடு என்கிற நடுவழியை எடுத்துவிட்டார்கள், அதனால் பிராடு போட்டால் நிஜமாகவே பிராடுதான். அப்புறம் நெகட்டிவ் கீவேர்டு, அதாவது எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வரக் கூடாது என்று கொடுப்பது. இங்கேதான் நம் ஆட்கள் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். சாதாரண கீவேர்டு தன் உறவினர்களையும் கூட்டிக்கொண்டு வரும், நெகட்டிவ் கீவேர்டு அப்படி இல்லை, ஒன்றைத் தடுத்தால், எழுத்துப் பிழைகளைத் தவிர, அந்த ஒன்றைத்தான் தடுக்கும். "சர்வீஸ்" என்று போட்டால் "ரிப்பேர்" நிற்காது. "கேன்" என்றால் "கேன்கள்" நிற்காது. நம் ஊரில் ஒரே விஷயத்தைத் தமிழ் எழுத்தில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒருவர் என்று மூன்று விதமாகத் தேடுவார்கள். மூன்றையும் போட வேண்டும். கென்ட், அக்வாகார்டு, ப்யூரிட் என்று வீட்டு பிராண்டு பெயர்கள் அத்தனையும், "விலை குறைந்த", "ஈஎம்ஐ", "அருகில்", "வீட்டுக்கு", "வேலை", "சம்பளம்", "தொழில் தொடங்க", "லோன்", "மானியம்" எல்லாம் உள்ளே போக வேண்டும். வாரம் ஒரு நாள் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே இருங்கள். முடிவே இல்லாத வேலை, வீடு கூட்டுவது மாதிரி.

ஒரு எச்சரிக்கை. 2020 செப்டம்பரிலிருந்து, கொஞ்சம் பேர் மட்டும் தேடும் சொற்களை அந்த ரிப்போர்ட்டில் காட்டுவதில்லை. அதனால் நீங்கள் பார்ப்பது முழுக் கதை இல்லை.

பரந்தவெளி (புதன், மதியம் 2:10)

இதெல்லாம் பழைய பாணி. நெகட்டிவ், எக்ஸாக்ட் என்று இறுக்கினால் அல்காரிதம் மூச்சு விடாது. இப்போது டார்கெட்டிங்கே வேண்டாம். மெட்டாவில் (ஃபேஸ்புக் கம்பெனி) அட்வான்டேஜ் பிளஸ், கூகுளில் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்ற தானியங்கி முறைகளைப் போட்டுத் திறந்து விடுங்கள், யார் வாங்குவார்கள் என்று அதுவே கற்றுக்கொள்ளும். நான் ஒரு துணிக்கடைக்கு அப்படித்தான் ஓட்டுகிறேன், அருமையாகப் போகிறது.

எக்செல்_அக்கா (புதன், மதியம் 3:45)

துணிக்கடைக்குப் போகும். சேலை வாங்கியவர் அன்றைக்கே பணம் கட்டுகிறார், அந்தத் தகவல் உடனே கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போகிறது, யார் வாங்கினார் என்று அல்காரிதத்துக்குத் தெரிகிறது. குறிச்சிக்காரர் கதையில் அதற்குத் தெரிவது ஒன்றுதான்: யார் ஃபார்ம் போட்டார். ஃபார்ம் போடுகிறவர்தான் நல்லவர் என்று நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அதுவும் சமர்த்தாக, இன்னும் மலிவாக ஃபார்ம் போடக்கூடிய ஆட்களைத் தேடிப் பிடித்து வருகிறது. கேன்டில் மாற்றக் கேட்கும் அந்த அம்மாவைப் போல இன்னும் ஆயிரம் பேரைக் கொண்டு வரும். அல்காரிதத்தின் மேல் தப்பே இல்லை, கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது.

நான் ஒரு இயந்திரக் கம்பெனியில் சேல்ஸ் டேட்டா பார்க்கிறேன், எங்களுக்கும் இதே பாடுதான் இருந்தது. நாங்கள் செய்தது இது. கூகுள் விளம்பரத்தைக் கிளிக் செய்து வரும் ஒவ்வொருவருக்கும் இணைய முகவரியின் வாலில் ஒரு கிளிக் ஐடி ஒட்டிக்கொண்டு வரும். அதை ஃபார்மில் கண்ணுக்குத் தெரியாத கட்டமாக வைத்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சேல்ஸ் ஆள் பேசிவிட்டு "இவர் உண்மையான பார்ட்டி", "கொட்டேஷன் கொடுத்தாயிற்று", "ஆர்டர்" என்று குறிப்பார் இல்லையா, அந்தக் குறிப்பை ஐடியோடு சேர்த்துத் திரும்ப ஏற்றிவிட வேண்டும். ஆஃப்லைன் கன்வர்ஷன் என்பார்கள், கன்வர்ஷன் என்றால் விளம்பரத்தால் நடக்க வேண்டும் என்று நாம் எண்ணும் காரியம். பெரிய சிஆர்எம் (வாடிக்கையாளர் விவர மென்பொருள்) எல்லாம் வேண்டாம், நாங்கள் கூகுள் ஷீட்டில்தான் தொடங்கினோம், அதனால்தான் எனக்கு இந்தப் பெயரே.

ஒரு சிக்கல், இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். கிளிக் நடந்து 90 நாளுக்குள் ஏற்றினால்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் பிளான்ட் விற்க எத்தனை நாள் ஆகும்? நாலைந்து மாதம் என்றால் ஆர்டரை ஏற்றிப் பயனில்லை, அதற்குள் காலம் கடந்துவிடும். மாதத்துக்கு ஒரு ஆர்டரை வைத்து எந்த இயந்திரமும் எதையும் கற்கவும் முடியாது. எனவே கொட்டேஷன் கொடுத்த கட்டத்தை, அதுவும் போதாது என்றால் "போனில் பேசினோம், உண்மையான தொழிற்சாலை" என்ற கட்டத்தைக் கன்வர்ஷனாக வையுங்கள். வெறும் ஃபார்மைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பரந்தவெளி (புதன், மாலை 4:20)

நான் சொன்னதும் அதுதானே. நல்ல தகவல் கொடுத்தால் அல்காரிதம் கற்கும் என்று.

எக்செல்_அக்கா (புதன், மாலை 4:31)

நீங்கள் "திறந்து விடுங்கள்" என்றுதான் சொன்னீர்கள் 🙂 தகவல் கொடுத்த பிறகு திறப்பதில் எனக்குச் சண்டை இல்லை. இப்போது திறந்தால் இருக்கும் பட்ஜெட்டும் காலி.

பாய்லர்_ரூம் (புதன், இரவு 11:50)

நான் விளம்பரக்காரன் இல்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப் பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். அதாவது இங்கே எல்லோரும் பிடிக்கப் பார்க்கும் அந்த ஆள் நான்தான். நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் விஷயம், "தண்ணீர் சுத்திகரிப்பின் அவசியம்" மாதிரி விளம்பரம் எங்களுக்குப் போடாதீர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு) இல்லாமல் இங்கே யாரும் ஓட்ட முடியாது. ஆர்ஓ என்றால் என்ன என்று எங்கள் கேன்டீன் மாஸ்டருக்கே தெரியும். அப்படி ஒரு விளம்பரம் வந்தால், இது வீட்டு ஆர்ஓ என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். வீட்டு ஆர்ஓ வேண்டியவர் அதைத்தான் கிளிக் செய்வார். உங்கள் 171 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இரண்டாவது, நான் எப்போது தேடுவேன்? புது பிளான்ட் வாங்கலாமே என்று ஞாயிற்றுக்கிழமை மாலை டீ குடித்துக்கொண்டு தேட மாட்டேன். ஏதாவது பிடித்துக்கொண்டால்தான் தேடுவேன். மெம்பரேனில் பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, கழுவியும் இறங்கவில்லை. ரிஜெக்ட் (ஆர்ஓ ஒதுக்கும் உப்புநீர்) அதிகமாகப் போகிறது, அதை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் தாங்கவில்லை. பாய்லர் டியூபில் உப்புப் படிந்து ஆவி வரவில்லை, விறகுச் செலவு ஏறிவிட்டது, முதலாளி திட்டுகிறார். அப்போது நான் தேடுவது "ஆர்ஓ பிளான்ட் விலை" இல்லை. "ஆர்ஓ மெம்பரேன் சிலிகா ஸ்கேலிங்", "ஃபீட் வாட்டர் ஹார்ட்னெஸ் குறையவில்லை", "ஆன்டிஸ்கேலன்ட் அளவு" இப்படித்தான். வீட்டில் இருப்பவர் யாரும் ஜென்மத்துக்கும் இந்தச் சொற்களைத் தேட மாட்டார். நீங்கள் வயது, ஆர்வம் என்று எங்கேயோ போய்த் தேடுகிறீர்கள், ஆள் யார் என்பதை அவன் சொல்லும் கோளாறே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது, வாங்குவது நான் இல்லை. நான் பேரைச் சொல்வேன், பர்ச்சேஸ் மேனேஜர் மூன்று கொட்டேஷன் வாங்குவார், முதலாளி கடைசியில் ஒரு போன் போட்டுப் பத்து சதவீதம் குறைக்கச் சொல்வார். ஃபார்ம் போடுவது பர்ச்சேஸில் இருக்கும் சின்னப் பையன், அவனுக்கு டிடிஎஸ்ஸும் தெரியாது பிஹெச்சும் தெரியாது. அவனிடம் "தேவை என்ன" என்று கேட்டால் "ஆர்ஓ வேணும்" என்பான். அதை வைத்து அவனை வீட்டுக் கேஸ் என்று தள்ளிவிடாதீர்கள்.

குறிச்சிக்காரன் (வியாழன், காலை 8:15)

அண்ணா, கால் மேல் விழ வேண்டும் போல இருக்கிறது. போன மாதம் "ஆர்ஓ வேணும், ரேட் அனுப்புங்க" என்று மட்டும் போட்டிருந்த ஒருவரை நான் திருப்பிக் கூப்பிடவே இல்லை. இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இன்னொரு சந்தேகம். லிங்க்ட்இன்னில் பதவியை வைத்தே குறி வைக்கலாமாமே? மெயின்டனன்ஸ் மேனேஜர், பிளான்ட் ஹெட் என்று. அங்கே போய்விட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இருக்காது இல்லையா?

பாய்லர்_ரூம் (வியாழன், காலை 8:40)

எனக்கும் அங்கே கணக்கு இருக்கிறது. கடைசியாகத் திறந்தது வேலை தேடியபோது. அதில் என் பதவி இன்னமும் "டிரெய்னி".

எக்செல்_அக்கா (வியாழன், காலை 10:20)

ஹா ஹா. அவர் சொன்னதுதான் பதில். லிங்க்ட்இன்னில் யாரை வேண்டுமானாலும் துல்லியமாகக் குறி வைக்கலாம், அவர் அங்கே வந்தால். பெருந்துறை, ஈரோடு, திருப்பூர் நடுத்தரப் பட்டறைகளுக்கு அது உதவாது. ஆனால் ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் பெரிய ஆட்டோமொபைல், மருந்து, உணவுக் கம்பெனிகள் உங்கள் கணக்கில் உண்டு என்றால் அதற்கு மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம். கிளிக் விலை கூகுளை விட நன்றாகவே ஏறும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

போட்டால் இப்படிப் போடுங்கள். பதவிப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், ஒரே வேலைக்கு "யூட்டிலிட்டி இன்சார்ஜ்", "சீனியர் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியரிங்" என்று ஊருக்கு ஒரு பெயர். ஆப்பரேஷன்ஸ், இன்ஜினியரிங், பர்ச்சேஸிங் என்ற துறையையும் சீனியாரிட்டியையும் சேர்த்துப் போடுங்கள். சேல்ஸ், பிசினஸ் டெவலப்மென்ட் துறைகளை விலக்குங்கள், உங்கள் விளம்பரத்தை ஆர்வமாகப் பார்ப்பவர்கள் உங்கள் போட்டிக் கம்பெனி சேல்ஸ் ஆட்கள்தான். டிரெய்னிங் நிலை, சம்பளமில்லா நிலை இரண்டையும் விலக்குங்கள் (மன்னிக்கவும் பாய்லர்_ரூம்). ஆடியன்ஸ் எக்ஸ்பான்ஷன் (ஒத்த ஆட்களுக்கும் காட்டுவது), ஆடியன்ஸ் நெட்வொர்க் (வெளித் தளங்களிலும் காட்டுவது) இரண்டிலும் டிக் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

அதை விட நல்ல வழி, நீங்களே ஒரு கம்பெனிப் பட்டியல் தயாரித்து ஏற்றுவது. உங்கள் சித்தப்பாவுக்கு எந்த ஆலையில் பாய்லர் இருக்கிறது, எங்கே விரிவாக்கம் நடக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்குமே, அந்த மண்டையில் இருப்பதை எழுதி வாங்குங்கள். ஏற்றிய பட்டியலில் குறைந்தது 300 உறுப்பினர்களாவது பொருந்தினால்தான் விளம்பரம் ஓடும், எனவே முப்பது சின்னப் பட்டறைப் பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடவில்லையே என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

மின்னஞ்சல் பட்டியல் ஏற்றுவதாக இருந்தால், ஆட்கள் லிங்க்ட்இன்னில் சேர்ந்தது பெரும்பாலும் சொந்த ஜிமெயிலை வைத்து. நம்மிடம் இருப்பது பர்ச்சேஸ் அட் கம்பெனி முகவரி. பொருந்தாது. கம்பெனிப் பெயர்ப் பட்டியலே மேல்.

குறிச்சிக்காரன் (வியாழன், காலை 10:50)

பட்டியல் பேச்சு வந்ததால் கேட்கிறேன். அந்த 171 வீட்டு ஆர்ஓ நம்பரையும் இங்கே ஒரு வீட்டு ஆர்ஓ டீலர் விலைக்குக் கேட்கிறார். போட்ட காசில் கொஞ்சமாவது தேறுமே?

எக்செல்_அக்கா (வியாழன், காலை 10:58)

வேண்டாம். அவர்கள் உங்களை நம்பி உங்களுக்குக் கொடுத்த நம்பர் அது. 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்தின் சாரமே எந்தக் காரணத்துக்கு வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்பது. சட்டத்தை விடுங்கள், அந்த அம்மா ஏற்கெனவே உங்கள் மேல் கோபமாக இருக்கிறார். டீலர் நம்பரை அவரிடம் கொடுங்கள், அவர் நம்பரை டீலரிடம் கொடுக்காதீர்கள்.

திருமுடிவாக்கம் (வியாழன், மதியம் 1:30)

நான் டூல்ரூம் வைத்திருக்கிறேன், எனக்கு வேறு தொழில், ஆனால் ஒரு தந்திரம் எல்லோருக்கும் உதவும். ஃபார்மில் ஜிஎஸ்டி நம்பர் கேளுங்கள்.

கேன் பிசினஸ் "தொடங்கலாம்னு இருக்கேன்" ஆட்களிடம் இன்னும் ஜிஎஸ்டி இருக்காது. வீட்டுக்காரரிடம் இருக்காது. வேலை கேட்பவரிடம் இருக்காது. நம்பர் வந்துவிட்டால் அதைப் பார்த்தே பாதி ஜாதகம் சொல்லலாம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், நமக்கு 33, கர்நாடகா 29, கேரளா 32. அதற்கு அடுத்த பத்தும் பான் நம்பர். மொத்தத்தில் ஆறாவது எழுத்தைப் பாருங்கள்: சி என்றால் கம்பெனி, எஃப் என்றால் பார்ட்னர்ஷிப், பி என்றால் தனி ஆள் பெயரில் நடத்தும் தொழில். ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தால் எப்போது பதிவு செய்தார்கள், உற்பத்தியா சில்லறை வியாபாரமா என்று வந்துவிடும். போன் எடுப்பதற்கு முன்பே பார்ட்டி யார் என்று தெரிந்துவிடுகிறது.

ஒன்று, பி என்று வந்தால் சின்ன ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் பெரிய பெரிய முதலாளிகள் இன்னமும் சொந்தப் பெயரில்தான் ஓட்டுகிறார்கள்.

குறிச்சிக்காரன் (வியாழன், இரவு 9:10)

ஜிஎஸ்டி கேட்டால் பாதிப் பேர் ஓடிவிட மாட்டார்களா? பாய்லர்_ரூம் அண்ணா நைட் ஷிஃப்டில் போனில் ஃபார்ம் போடும்போது ஜிஎஸ்டி நம்பர் நினைவில் இருக்குமா?

பாய்லர்_ரூம் (வியாழன், இரவு 11:20)

இருக்காது. எங்கள் ஜிஎஸ்டி நம்பர் அக்கவுன்ட்ஸ் அண்ணாச்சிக்குத்தான் தெரியும். கட்டாயம் என்று வைத்தால் நான் போய்விடுவேன். ஆனால் மணிக்கு எத்தனை லிட்டர், தண்ணீர் எங்கிருந்து (போர், காவிரி, எஃப்ளூயன்ட் எனும் கழிவுநீர்), எதற்கு (பாய்லர், பிராசஸ், குடிக்க) என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வேன். வேலை தெரிந்தவன்தான் கேட்கிறான் என்று ஒரு மரியாதையும் வரும்.

க்ளிக்கணக்கு (வெள்ளி, காலை 9:45)

இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு, எதற்கு என்ற இரண்டு கேள்வி கட்டாயம். ஜிஎஸ்டி விருப்பம் இருந்தால் மட்டும், "கொடுத்தால் கொட்டேஷன் சீக்கிரம் வரும்" என்று பக்கத்தில் ஒரு வரி. ஃபேஸ்புக் ஃபார்மில் "அதிக எண்ணிக்கை" என்ற வகையை விட்டு "ஹையர் இன்டென்ட்" வகைக்கு மாறுங்கள், அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும். போன் நம்பர் தானாக நிரம்பி இருப்பதால் விரல் பட்டு அனுப்பியவர்கள்தான் அந்த "நான் எப்ப சார் போட்டேன்" கோஷ்டி.

விளம்பர வாசகத்திலேயே "2,000 லிட்டர் முதல்", "₹3.5 லட்சம் முதல்", "வீட்டுக்கு அல்ல" என்று போடுங்கள். கூகுளில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்துதான், எனவே மூன்றையும் மூன்று தலைப்பாக. கிளிக் குறையும், குறையட்டும்.

ராத்திரி விளம்பரத்தை நிறுத்தி ஆபீஸ் நேரத்துக்கு மட்டும் வைக்கச் சொல்லலாம் என்றிருந்தேன். பாய்லர்_ரூம் எத்தனை மணிக்கு எழுதுகிறார் என்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஃபார்ம் விளம்பரம் இரவிலும் ஓடட்டும், போன் பட்டனை மட்டும் பகலுக்கு வையுங்கள்.

பரந்தவெளி (வெள்ளி, காலை 11:05)

எல்லாம் சரி, ஆனால் இப்படி இறுக்கிக்கொண்டே போனால் இன்றைக்குக் கோளாறு உள்ளவன் மட்டும்தான் கிடைப்பான். ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் டாஸ் 95-5 என்று ஒரு கணக்கு சொல்வார். கம்பெனிகள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சப்ளையரை மாற்றும் என்று வைத்தால், ஒரு காலாண்டில் வாங்கும் நிலையில் இருப்பது ஐந்து சதவீதம்தான். மீதி 95 பேருக்கு உங்கள் பெயரே தெரியவில்லை என்றால் அவர்கள் முறை வரும்போது யாரைக் கூப்பிடுவார்கள்?

பாய்லர்_ரூம் (வெள்ளி, மதியம் 12:40)

இதில் அவர் சொல்வது சரி. எங்கள் பாய்லர் ரூம் சுவரில் ஒரு வால்வ் கம்பெனி கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. தேதி கிழிக்கிறோமோ இல்லையோ, வால்வ் போனால் அந்த நம்பருக்குத்தான் போன் போகும்.

குறிச்சிக்காரன் (ஆறு வாரம் கழித்து, திங்கள், இரவு 10:05)

எல்லோருக்கும் வணக்கம். என்ன ஆனது என்று சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும்.

ஃபேஸ்புக்கைப் பாதியாகக் குறைத்தேன். கூகுளில் பாய்லர்_ரூம் அண்ணா சொன்ன கோளாறுச் சொற்களை வைத்துத் தனி கேம்பெயின், அதற்குத் தனிப் பக்கம். மேலே எங்கள் மெம்பரேன் ஸ்கிட் (இரும்புச் சட்டத்தில் பொருத்திய தொகுதி) போட்டோ, கீழே "பிரஷர் ஏறுகிறதா? கழுவியும் இறங்கவில்லையா?" என்று சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதியது. நெகட்டிவ் பட்டியல் 340 தாண்டிவிட்டது, வருமான வரி உட்பட.

ஆறு வாரத்தில் செலவு 52,000. லீடு 47. அதில் உண்மையான தொழிற்சாலை 29. கொட்டேஷன் 17. ஆர்டர் இன்னும் இல்லை, இரண்டு இடத்தில் பேச்சு நடக்கிறது.

வீட்டில்தான் பெரிய ரகளை. ஒரு லீடு 450 ரூபாய்க்கு வந்தது, இப்போது 1,100 ரூபாய் ஆகிறதே, கெடுத்துவிட்டாயே என்று சித்தப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினேன்: முன்னே ஒரு கொட்டேஷனுக்கு 13,000-க்கு மேல், இப்போது மூவாயிரம் சொச்சம். பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் கம்பெனிப் பட்டியல் எழுத உட்கார்ந்தார். 212 பெயர். பக்கத்தில் யார் பாக்கி வைத்திருக்கிறார் என்பதையும் குறித்திருக்கிறார், அதை மட்டும் ஏற்றவில்லை.

பழைய 412-ல் நான் கூப்பிடாமல் விட்ட அந்த "ரேட் அனுப்புங்க" ஆளையும் தேடிப் பிடித்தேன். நாமக்கல் பக்கம் ஒரு தீவன ஆலை. போன மாதமே வேறு இடத்தில் வாங்கிவிட்டார்களாம்.

இப்போது புதுச் சந்தேகம். 17 கொட்டேஷனில் மூன்று, ஒரே வேலைக்கு வந்தது என்று நேற்றுதான் கண்டுபிடித்தேன். ஒரு ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள், அதற்கு மூன்று வேறு வேறு கன்சல்டன்ட்கள் எங்களிடம் விலை கேட்டிருக்கிறார்கள், மூவரும் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லவில்லை. மூன்றையும் நல்ல லீடு என்று ஏற்றிவிட்டேன். எடுத்துவிட வேண்டுமா?

எக்செல்_அக்கா (திங்கள், இரவு 10:40)

ஏற்றியதை விட்டுவிடுங்கள், கன்சல்டன்ட்கள் மூவரும் உண்மையான ஆட்கள்தானே, அப்படிப்பட்டவர் இன்னும் வந்தால் நமக்கு நல்லதுதான். ஆனால் உங்கள் ஷீட்டில் ஒரே வேலையாக எழுதுங்கள், அப்படியானால் உங்கள் கணக்கு 15 கொட்டேஷன், 17 இல்லை. சித்தப்பா பேப்பரையும் திருத்திக் கொடுத்துவிடுங்கள். இனி ஃபார்மில் "பிளான்ட் எந்த ஊரில் வைக்க" என்று ஒரு கட்டம் சேருங்கள், ஒரே ஊர், ஒரே கொள்ளளவு என்று வந்தால் தெரிந்துவிடும்.

குறிச்சிக்காரன் (திங்கள், இரவு 10:52)

பேப்பர் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. சட்டை துவைக்கப் போகட்டும், அப்புறம் சொல்கிறேன்.

பாய்லர்_ரூம் (திங்கள், இரவு 11:45)

மூன்று கன்சல்டன்ட்டுக்கும் ஒரே விலைதானே கொடுத்தாய் தம்பி?

குறிச்சிக்காரன் (திங்கள், இரவு 11:58)

...இல்லை.